பல சேனல் டியூப் ஆம்ப் ஹெட்: உள்ளே என்ன நடக்கிறது?

எலெக்ட்ரிக் கிட்டார் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கிட்டாரைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். எந்த மரம், எந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் பகுதி), கம்பி எவ்வளவு தடிமன் என்று கேள்விகள் நீளும். அதன் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்பைப் பற்றிக் கேட்பது குறைவு. அதே கிட்டாரை வேறொரு ஆம்பில் செருகிப் பாருங்கள், வாத்தியமே மாறிவிட்டதோ என்று தோன்றும். ஆம்பையும் சேர்த்தால்தான் எலெக்ட்ரிக் கிட்டார் முழு வாத்தியம் ஆகிறது.

அந்த ஆம்புகளில் புதியவர்களை அதிகம் மிரட்டுவது பல சேனல் டியூப் ஹெட், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி வழிகள் கொண்ட ஆம்ப். முகப்பு முழுக்கக் குமிழ்கள், பின்பக்கம் வரிசையாகத் துளைகள், காலடியில் ஒரு ஃபுட்ஸ்விட்ச். கிட்டாரிலிருந்து வரும் சிறு மின் அலை எந்த வழியாகப் போகிறது, எங்கே வழி பிரிகிறது, எங்கே மறுபடி சேர்கிறது என்று மூன்றைப் புரிந்துகொண்டால் போதும், அந்த முகப்பு முழுவதும் விளங்கிவிடும். இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் பின்தொடர்கிறது.

முதலில் பெயர். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் காம்போ. ஆம்ப் மட்டும் தனிப்பெட்டியாக இருந்தால் ஹெட். அதன் ஒலி வெளியே வரத் தனியாக ஒரு ஸ்பீக்கர் கேபினட் வேண்டும். ஹெட்டை அதன் தலைமேல் வைப்பது வழக்கம். தூக்கிச் செல்வது சுலபம், ஸ்பீக்கரின் அதிர்வு டியூபுகளை அவ்வளவாக உலுக்காது, வேண்டிய கேபினட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பவை இதன் வசதிகள்.

ஒரு டியூப் என்ன செய்கிறது

டியூப் என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பி. உள்ளே கேத்தோடு என்ற பகுதியை ஒரு ஹீட்டர் சூடாக்கும். சூடேறிய கேத்தோடு எலெக்ட்ரான்களை வெளியே விடும். எதிரே இருக்கும் பிளேட்டில் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் இருப்பதால் அவை அதை நோக்கிப் பாயும். இரண்டுக்கும் நடுவில் கம்பிச் சுருளாக ஒரு கிரிட். வாய்க்கால் மடைப்பலகையைச் சற்றே ஏற்றி இறக்கினால் வயலுக்குப் பாயும் நீர் முழுவதும் கூடிக் குறைவதுபோல, கிரிட்டில் ஏற்படும் சின்ன மாற்றம் பிளேட்டுக்குப் போகும் பெரிய ஓட்டத்தை ஆட்டுவிக்கும். நடுவில் கிரிட் வைக்கும் இந்த ஏற்பாட்டை 1906ல் ஆடியான் என்ற பெயரில் கொண்டுவந்தவர் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட். கிட்டார் ஆம்ப் இன்றும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது.

கிட்டார் ஆம்புகளின் முன்பகுதியில் நீங்கள் அடிக்கடி பார்க்கப்போவது 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய டியூப். ஐரோப்பாவில் அதற்கு இசிசி83 என்று பெயர். ஒரே குப்பிக்குள் இரண்டு தனித்தனி ட்ரையோடுகள், அதாவது கேத்தோடு, கிரிட், பிளேட் கொண்ட இரண்டு தொகுதிகள், இருப்பதால் ஒரு டியூப் இரண்டு பெருக்க நிலைகளாக வேலை செய்யும். வழக்கமான கிட்டார் சர்க்யூட்டில் ஒவ்வொரு நிலையும் அலையைச் சுமார் 50 மடங்கு பெரிதாக்கும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். கிட்டாரின் பிக்கப் தருவது ஏறத்தாழ 0.1 வோல்ட்டிலிருந்து 1 வோல்ட் வரை. குறைந்தபட்சமான 0.1 வோல்ட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் நிலையைத் தாண்டும்போது அது 5 வோல்ட் ஆகிவிடும். அடுத்த நிலையின் கிரிட்டோ சுமார் 1.5 வோல்ட் வரைதான் அலையைச் சிதைக்காமல் ஏற்கும். அதற்கு மேல் வந்தால் அலையின் உச்சி மழுங்கித் தட்டையாகும். அலை தட்டையாவதைத்தான் டிஸ்டார்ஷன் என்கிறோம். உச்சி மழுங்கும்போது மூல சுரத்தோடு அதன் மடங்குகளான ஹார்மோனிக்ஸ் புதிதாகப் பிறக்கின்றன. ஒலி தடித்து, நீண்டு, பாடுவதுபோல் ஆகிறது.

ஆக, இரண்டாவது நிலையிலேயே டிஸ்டார்ஷன் வரத் தயாராக இருக்கிறது. அதைத் தடுத்து வைப்பதும் திறந்து விடுவதும் நிலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு குமிழ். அதுதான் கெய்ன். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு அலை போகலாம் என்பதை அது முடிவு செய்கிறது. மாஸ்டர் வால்யூம் எல்லா முன்நிலைகளுக்கும் பிறகு வருவது. ஏற்கெனவே உருவாகிவிட்ட ஒலியில் எவ்வளவு, ஸ்பீக்கரை இயக்கும் பவர் டியூபுகளுக்குப் போகவேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒலியைக் கூட்டுவதுபோலத் தெரிவதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். கெய்ன் ஒலியின் தன்மையையும், மாஸ்டர் அதன் உரப்பையும் மாற்றுகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சேனல்கள் எதற்கு

சுத்தமான க்ளீன் ஒலிக்கும், தனி மெட்டு வாசிக்கப் பயன்படும் பாடும் லீட் ஒலிக்கும் தேவைகள் நேர் எதிரானவை. க்ளீன் ஒலிக்கு இரண்டு மூன்று நிலைகள் போதும், அலை எங்கேயும் முட்டக்கூடாது, கீழ்ச்சுரங்கள் நிறைவாக ஒலிக்கவேண்டும், மேலே மணி போன்ற தெளிவு வேண்டும். லீட் ஒலிக்கு மூன்று நான்கு நிலைகள் ஒன்றையொன்று தள்ளவேண்டும், கீழ்ச்சுரத்தை முன்கூட்டியே வெட்டவேண்டும், நடுச்சுரம் முன்னால் நிற்கவேண்டும். ஒரே வரிசைக் குமிழ்களை வைத்து இரண்டையும் ஒரே பாட்டுக்குள் மாற்றி மாற்றிக் கொண்டுவர முடியாது.

பழைய ஆம்புகளிலும் இரண்டு சேனல்கள் உண்டு, ஆனால் பொருள் வேறு. 1950களின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பில் நார்மல், பிரைட் என்று இரண்டு உள்ளீடுகள் இருந்தன. எதில் கம்பியைச் செருகுகிறீர்களோ அந்த ஒலி. காலால் மாற்ற வழியில்லை. லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962ல் உருவான முதல் மார்ஷல் ஆம்ப் அந்த பாஸ்மேன் சர்க்யூட்டைத் தழுவியதுதான். அந்தக் காலத்துக் கலைஞர்கள் ஆம்பை நன்றாக முடுக்கிவிட்டு, கிட்டாரின் வால்யூமைக் குறைத்து க்ளீன் ஒலியையும், கூட்டி டிஸ்டார்ஷனையும் எடுத்தார்கள். அருமையான பழக்கம் அது. எத்தனை சேனல் உள்ள ஆம்பை வாங்கினாலும் இதைக் கற்றுக்கொள்ளாமல் விடாதீர்கள்.

திருப்பம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. கலிஃபோர்னியாவில் மெசா பூகி நிறுவனத்தைத் தொடங்கிய ராண்டல் ஸ்மித், முன்பகுதியில் கூடுதலாக ஒரு பெருக்க நிலையைச் சேர்த்து, நடுநடுவே கட்டுப்படுத்தும் குமிழ்களையும் வைத்தார். பவர் டியூபுகளை முழு உரப்பில் ஓட்டாமலேயே ப்ரீஆம்ப் எனப்படும் அந்த முன்பகுதியிலேயே டிஸ்டார்ஷன் உருவாக்க முடிந்தது. 1970களின் இறுதியில் வந்த அவருடைய மார்க் 2 ஆம்பில் க்ளீனிலிருந்து லீடுக்குக் காலாலேயே தாவ முடிந்தது. 1987ல் மைக் சொல்டானோவின் எஸ்எல்ஓ-100 வந்தது. பின்னாளில் வந்த பல ஹை கெய்ன் (கனத்த டிஸ்டார்ஷன் தரும்) ஆம்புகளில் அதன் சாயல் தெரியும்.

எது தனி, எது பொது

முகப்பில் நான்கு சேனல் என்று இருந்தால் பெட்டிக்குள் நான்கு ஆம்புகள் இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். அப்படியில்லை. 2007ல் வந்த மார்ஷல் ஜேவிஎம்410எச் ஹெட்டைப் பாருங்கள். நான்கு சேனல்கள், ஒவ்வொன்றிலும் மூன்று மோடுகள், மொத்தம் பன்னிரண்டு ஒலிகள். ஆனால் உள்ளே இருக்கும் இசிசி83 டியூபுகள் ஐந்தே ஐந்து. அவற்றிலும் ஒன்று பவர் பகுதியின் வாசலில் நின்று, அலையை எதிரெதிரான இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறது. ரிலேக்கள் எனப்படும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள் அதே டியூப் நிலைகளை வெவ்வேறு விதமாகக் கோத்து வெவ்வேறு வழிகளை அமைக்கின்றன. க்ளீனுக்குக் குறைந்த நிலைகள், ஓவர்டிரைவுக்குக் கூடுதல் நிலைகள். சேனல் என்பது ஒரு வழி. பல வழிகள் ஒரே பாலங்களைப் பகிர்ந்துகொள்கின்றன.

எனவே ஒரு ஹெட்டை எடைபோடும்போது சேனல்களின் எண்ணிக்கையை விட, அவை எதைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதைப் பார்ப்பேன். முக்கியமாக ஈக்யூ, அதாவது பேஸ், மிடில், ட்ரெபிள் குமிழ்கள். 1992ல் வந்த பீவி 5150 ஹெட்டில் ரிதம், லீட் என்று இரண்டு சேனல்கள் இருந்தாலும் ஈக்யூ ஒன்றுதான். அந்த ஆம்பின் கனத்த டிஸ்டார்ஷன் பல இசைக்கலைஞர்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் லீடுக்காக மிடிலைக் கூட்டினால் ரிதத்திலும் அது கூடிவிடும். பின்னர் வந்த 5150 டூ ஹெட்டில் இரண்டுக்கும் தனித்தனி ஈக்யூ கொடுத்தார்கள். ஜேவிஎம்மில் நான்கு சேனலுக்கும் ஈக்யூ தனித்தனி, ஆனால் பவர் பகுதியில் மேல்ச்சுரத்தையும் கீழ்ச்சுரத்தையும் மாற்றும் பிரெசென்ஸ், ரெசொனன்ஸ் குமிழ்கள் எல்லாவற்றுக்கும் பொது. க்ளீனிலிருந்து கனத்த ஒலி வரை எல்லாம் வேண்டும் என்றால், பொது ஈக்யூ உள்ள மூன்று சேனலை விடத் தனி ஈக்யூ உள்ள இரண்டு சேனலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஈக்யூ குமிழ்கள் எங்கே அமர்ந்திருக்கின்றன என்பதும் பெரிய விஷயம். விளம்பரங்களில் யாரும் இதைச் சொல்வதில்லை. டிஸ்டார்ஷனுக்கு முன்னால் நிறையக் கீழ்ச்சுரத்தை விட்டால், அதுவே டியூபுகளை முதலில் மூழ்கடிக்கும். ஒலி சேறுபோலக் குழம்பும், வேகமாக மீட்டினால் சுரங்கள் பிரியாது. முன்னால் கீழ்ச்சுரத்தை வெட்டிவிட்டு, டிஸ்டார்ஷன் உருவான பிறகு மறுபடி கூட்டினால் இறுக்கமும் கனமும் சேர்ந்து கிடைக்கும். ஃபெண்டர் வகை சர்க்யூட்டில் டோன் குமிழ்கள் முதல் நிலையை ஒட்டியே வரும். மார்ஷல் வகையில் முன்நிலைகள் எல்லாம் முடிந்தபின் வரும். மெசா மார்க் வரிசையில் டோன் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்பே இருப்பதால் அதில் பேஸ் குமிழைத் தாழ்த்தி வைத்துவிட்டு, டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வரும் ஐந்து பட்டை கிராஃபிக் ஈக்யூவில் கனத்தைக் கூட்டுவது வழக்கம். பேஸ் என்று ஒரே பெயர் எழுதியிருந்தாலும் ஒரு ஆம்பில் அந்தக் குமிழ் டிஸ்டார்ஷனின் உருவத்தை மாற்றும், இன்னொன்றில் உருவான ஒலிக்குச் சாயம் மட்டும் பூசும். இன்னொன்றும் கவனியுங்கள்: வழக்கமான டியூப் ஆம்பின் டோன் குமிழ்கள் வெட்ட மட்டுமே செய்பவை, ஒன்றைத் திருப்பினால் மற்றவையும் பாதிக்கப்படும். எல்லாவற்றையும் நடுவில் வைத்தால் சமமான ஒலி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த நிலையில் நடுச்சுரம் பள்ளமாகவே இருக்கும்.

பவர் பகுதியும் வாட் கணக்கும்

வழிகள் எல்லாம் சேர்கிற இடம் பவர் பகுதி. இங்கே பெரிய டியூபுகள். இஎல்34 இரண்டு இருந்தால் சுமார் 50 வாட், நான்கு இருந்தால் 100. அமெரிக்க ஆம்புகளில் 6எல்6 அதிகம். இஎல்34 நடுச்சுரத்தை முன்னிறுத்தும் என்றும் 6எல்6 கீழே உறுதியாக நிற்கும் என்றும் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான், ஆனால் சுற்றியுள்ள சர்க்யூட்டுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இங்கிருந்து அலை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது.

50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உரப்பில் இரண்டு மடங்கு வித்தியாசம் இருக்கும் என்று நம்புபவர்கள் நிறைய. வித்தியாசம் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படியானால் 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்பை விட இரண்டு மடங்கு உரக்கக் கேட்கும், அவ்வளவே. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் ஒற்றை வாட்டிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபலை நெருங்கும். வீட்டுக்குள் அதுவே அதிகம். பெரிய வாட் தருவது வேறொரு நன்மை: டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போதும் க்ளீன் சேனல் உடையாமல் நிற்கும். க்ளீன் ஒலி உங்களுக்கு உயிர் என்றால் வாட்டுக்கு அர்த்தம் உண்டு, கனத்த ஒலி மட்டும் போதும் என்றால் குறைந்த வாட்டிலும் நிறைவாக வாசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோட் பாக்ஸோ இணைக்காமல் டியூப் ஹெட்டை இயக்காதீர்கள். பாரம் இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, டிரான்ஸ்ஃபார்மரோ டியூப் சாக்கெட்டோ கருகிவிடலாம். ஹெட்டின் பின்னால் உள்ள 4, 8, 16 ஓம் துளைகளில் கேபினட்டின் ஓம் அளவோடு பொருந்துவதில் மட்டும் செருகுங்கள். அதற்கு ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். கிட்டார் கேபிளும் அதே துளையில் பொருந்தும், ஆனால் அதன் மெல்லிய உட்கம்பி இந்த மின்னோட்டத்துக்கு உரியதல்ல.

எஃபெக்ட்ஸ் லூப்

ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கும்: செண்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள். எதிரொலி தரும் டிலே, ரிவெர்ப் பெடல்களை இங்கே இணைப்பது நல்லது. அவற்றை ஆம்பின் முன்னால் வைத்து லீட் சேனலைத் தட்டினால், எதிரொலி ஒவ்வொன்றும் டிஸ்டார்ஷனுக்குள் போய் அடுத்த சுரத்தோடு கலந்து கலங்கும். லூப்பில் வைத்தால் முதலில் டிஸ்டார்ஷன், பிறகு அதன் எதிரொலி. வா பெடல், ஓவர்டிரைவ் பெடல்கள் முன்னாலேயே இருக்கட்டும். வாங்கும் முன், காலால் லூப்பை அணைக்க முடியுமா, எஃபெக்ட்ஸ் எவ்வளவு கலக்கவேண்டும் என்று தீர்மானிக்க முடியுமா என்று பாருங்கள். லீடில் மட்டும் டிலே வேண்டும் என்ற தேவை சீக்கிரமே வரும்.

சேனல்களைச் சமன்செய்வது

முதலில் க்ளீனைச் சரிசெய்யுங்கள். கெய்னைக் கூட்டினாலும் ஒரு எல்லைக்கு மேல் டிஸ்டார்ஷன் உரப்பைக் கூட்டாது, அலையை அழுத்திச் சமப்படுத்தும். க்ளீனுக்கோ உரக்கப் போக இடம் வேண்டும். அதனால் குழு வாசிக்கும் உரப்பில் க்ளீன் உடையாமல் நிற்கும் அளவைக் கண்டுபிடித்து, மற்ற சேனல்களை அவற்றின் சொந்த வால்யூமால் அதற்கு இணையாகக் கொண்டுவருவதே சரியான வரிசை. லீட் மட்டும் ஒரு படி மேலே இருக்கலாம். இரண்டு மாஸ்டர் வால்யூம் உள்ள ஹெட்டுகளில் அந்த ஒரு படியைக் காலால் கூட்டலாம்.

இதை மெதுவான ஒலியில் தனியறையில் செய்தால் ஏமாற்றம்தான். குறைந்த உரப்பில் நம் காது கீழ்ச்சுரத்தையும் மேல்ச்சுரத்தையும் குறைவாகவே கேட்கும். ஆகவே வீட்டில் பேஸையும் ட்ரெபிளையும் ஏற்றி, மிடிலை இறக்கிவிடுவோம். அதே அமைப்பைக் குழுவோடு வாசித்தால் பேஸ் கிட்டாரும் சிம்பலும் அந்த இடங்களை எடுத்துக்கொள்ள, நம் கிட்டார் காணாமல் போகும். கிட்டார் குடியிருப்பது நடுச்சுரத்தில். மிடிலைக் கூட்டுங்கள், கெய்னை நினைத்ததை விடக் குறையுங்கள். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மெலிந்தாற்போல் தோன்றினாலும் குழுவில் ஒவ்வொரு சுரமும் கேட்கும்.

ஏதாவது பழுதானால்

வழிகள் எங்கே பிரிகின்றன என்று தெரிந்தவருக்குப் பழுதைக் கண்டுபிடிப்பதும் எளிது. லீட் சேனலில் மட்டும் விசில் போன்ற ஓசையோ வெடிப்போ வருகிறது, க்ளீன் நன்றாக இருக்கிறது என்றால் லீடுக்கு மட்டும் பயன்படும் ப்ரீஆம்ப் டியூபைச் சந்தேகிக்கலாம். எந்த டியூப் எந்தச் சேனலுக்கு என்பது பெரும்பாலும் ஆம்பின் கையேட்டில் இருக்கும். ஆனால் பொதுவான டியூபின் குறைகூட லீடில் மட்டும் கேட்கலாம், ஏனென்றால் அங்கே எல்லாமே அதிகம் பெருக்கப்படுகிறது. எல்லாச் சேனலிலும் ஒலி தளர்ந்து, உரப்பு குறைந்தால் பொதுவான பகுதியில், அதாவது பவர் டியூபுகளிலோ அவற்றின் வாசலில் நிற்கும் டியூபிலோ தேடவேண்டும்.

ஆம்பை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஆறவிட்டபின், சாக்கெட்டுகள் வெளியிலிருந்தே எட்டும்படி இருந்தால் ஒரு 12ஏஎக்ஸ்7 டியூபை நீங்களே மாற்றிப் பார்க்கலாம். பவர் டியூபுகள் அப்படியல்ல. அவற்றைப் பொருத்தம் பார்த்த ஜோடியாகவோ நான்காகவோ மாற்றவேண்டும், பல ஹெட்டுகளில் பயாஸ் என்ற ஓய்வுநிலை மின்னோட்டத்தையும் மறுபடி அளந்து அமைக்கவேண்டும். அதற்குப் பெட்டியைத் திறந்தாகவேண்டும் என்றால் அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் 400 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடாது.